நமது கிடங்குகளுக்கு நிலையான சாய்வேணி

நமது சங்கங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பார்ப்பவர், அவற்றில் நூல் இருப்பு, சரக்கு விற்பனை, தள்ளுபடி, வட்டி, தேய்மானம் முதலிய ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பைக் காண்பார். தராசுக்கும் மேசைக்கும் கூடத் தேய்மானக் கணக்கு உண்டு. ஆனால் கிடங்கின் மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் ஏணியைப் பற்றி அவற்றில் ஒரு வரியேனும் காண்பதரிது. பல இடங்களில் அது சங்கத்தின் உடைமையாகவே கருதப்படுவதில்லை. எப்போதோ வெள்ளையடிக்க வந்த மேஸ்திரி விட்டுச் சென்ற மூங்கில் ஏணியாக அது இருக்கும். அல்லது பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கித் திருப்பித் தர மறந்ததாக இருக்கும். ஒரு கால் மற்றொன்றைவிடச் சற்றுக் குட்டையாயிருந்தால் அடியில் ஒரு செங்கல். படி கழன்றிருந்தால் ஒரு கயிற்றுக் கட்டு. இவ்வளவே அதற்குச் செய்யப்படும் பராமரிப்பு.

அந்த ஏணியின் மேல்தான் நமது அங்கத்தினர்களும் ஊழியர்களும் நாள்தோறும் ஏறி இறங்குகிறார்கள். நெசவாளர் சங்கத்தில் சிட்டா நூற்கட்டுகள் பரணில் அடுக்கப்பட்டுள்ளன. பாவுக்கு நூல் வழங்கும் நாளில் குமாஸ்தா இருபது முறை ஏறியாக வேண்டும். சாயச்சாலையில் தண்ணீர்த் தொட்டி உயரத்தில் இருக்கிறது. தறிக்கூடத்தில் ஜக்கார்டு பெட்டி தறியின் தலைக்கு மேல் இருக்கிறது. விவசாயிகளின் விற்பனைச் சங்கத்தில் நெல்லும் மஞ்சளும் நிலக்கடலையும் மூட்டை மூட்டையாக அட்டியிடப்பட்டிருக்கின்றன. அட்டியின் தலையில் பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒருவர் மேலே போகாமல் முடியாது. அரிசி ஆலை வைத்திருக்கும் சங்கமானால், வாளிகள் கோத்த எலிவேட்டரின் உச்சிக்குச் சென்று உருளைக்கு எண்ணெய் விடவும் வாரின் இழுப்பைச் சரிபார்க்கவும் வேண்டும். இவை என்றோ ஒரு நாள் நேரும் காரியங்களல்ல. அன்றாட அலுவல்கள்.

இந்த இடங்களுக்கெல்லாம் ஒரே வகை ஏணி போதும் என்று எண்ணுவதும், அந்த ஏணி எத்தகையது என்பதைக் கொல்லுப் பட்டறையின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதும் தவறு என்பது என் அபிப்பிராயம். நாள்தோறும் ஏற வேண்டிய இடத்துக்குக் கட்டடத்தோடு பிணைக்கப்பட்ட, சாய்வான, தட்டையான படிகளும் இருபுறமும் கைப்பிடியும் உள்ள ஏணி வேண்டும். அது எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பதை, ஏறுகிறவரின் கையில் என்ன இருக்கிறது என்பதைக் கொண்டு நிர்வாகக் குழு தீர்மானிக்க வேண்டும். இது நூல் கொள்முதல் செய்யும் மில்லைத் தேர்வு செய்வதற்குச் சற்றும் குறையாத பொறுப்பு.

சாய்த்து வைக்கும் ஏணியின் குறை அதன் மூங்கிலில் மட்டும் இல்லை. நல்ல அலுமினிய ஏணியாக இருந்தாலும், அதை ஒவ்வொரு முறையும் ஒருவர் சரியாக நிறுத்தியாக வேண்டும். நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் அடி வழுக்கும், குறைந்தால் ஏறுபவரோடு பின்புறம் சாயும். மேல் நுனி தளத்தின் விளிம்புக்கு மேலே மூன்றடி நீண்டிருக்க வேண்டும். இல்லையேல் கடைசிப் படியிலிருந்து பரணுக்குத் தாவும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இராது. மேலே கட்டிவைக்க வேண்டும். தரை ஈரமில்லாமலும் எண்ணெய்ப் பசையில்லாமலும் இருக்க வேண்டும். இத்தனையையும் நாளைக்கு இருபது முறை, அவசரத்தில், வாசலில் பத்து நெசவாளர்கள் காத்திருக்கும்போது, ஒரு குமாஸ்தா தவறாமல் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. பத்தொன்பது முறை சரியாக வைத்தவர் இருபதாம் முறை தவறினால் போதும். பத்தடி உயரத்திலிருந்து விழுபவர் ஒரு விநாடிக்குள் தரையைத் தொடுகிறார். தொடும்போது அவர் உடலின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். நிலையான ஏணியில் இந்தச் சரிபார்ப்பு முழுவதையும் ஒரே ஒரு முறை, அதை நிறுவும் நாளில், ஆற அமரச் செய்துவிடலாம்.

இனிச் சாய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏணி தரையோடு செய்யும் கோணத்தைப் பாகைக் கணக்கில் கூறுவார்கள். படுத்த தரை 0 பாகை. நிமிர்ந்த சுவர் 90 பாகை. இயந்திரங்களை அணுகும் வழிகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. என்னும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 14122 என்ற எண்ணில் ஒரு நெறியை வகுத்திருக்கிறது. அதன்படி 20 முதல் 45 பாகை வரை படிக்கட்டு; 45 முதல் 75 பாகை வரை தட்டைப் படிகளுள்ள சாய்வேணி; 75க்கு மேல் 90 வரை செங்குத்தேணி. படிக்கட்டிலும் 30க்கும் 38க்கும் இடைப்பட்டதே சிறந்தது என்று அது கூறுகிறது. அமெரிக்காவில் தொழிற்கூடப் பாதுகாப்புத் துறை 2016இல் திருத்தி வெளியிட்ட விதிகள், சாதாரணப் படிக்கட்டை 30 முதல் 50 பாகைக்குள்ளும், கப்பல்களில் தட்டுக்குத் தட்டு ஏறும் ஏணியை ஒத்த செங்குத்தான படியை 50 முதல் 70 பாகைக்குள்ளும் வைக்கின்றன. வகைப்பாட்டில் சிறு வேற்றுமை இருந்தாலும் இரு நெறிகளின் போக்கும் ஒன்றே. முதலில் படிக்கட்டு, அதற்கு இடமில்லாவிடில் சாய்வேணி, அதற்கும் வழியே இல்லாதபோதுதான் செங்குத்தேணி. நம்மவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறோம்.

நமது கொல்லரிடம் பாகைமானி இராது, அதனால் குற்றமில்லை. முழக்கோல் போதும். ஏழடி ஏறுவதற்கு நாலடி விலகினால் அது 60 பாகை. ஏறுமளவுக்கே விலகினால் 45. ஏழடி ஏறப் பத்தடி விலகினால் 35 பாகை, அதாவது நல்ல படிக்கட்டு. நாலடிக்கு ஓரடி என்றால் 75ஐத் தாண்டிவிடும்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது மனித உடலின் அமைப்பு. படிக்கட்டில் இறங்குகிறவர் முன்னோக்கிப் பார்த்து இறங்குகிறார்; பாதம் முழுதும் படியில் பதிகிறது; கையில் ஒரு பொருளை ஏந்தியபடி மற்றொரு கையால் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு வரலாம். கோணம் 50 பாகையைத் தாண்டத் தாண்டப் படியின் அகலம் சுருங்குகிறது. 60 பாகை ஏணியில் ஒன்பது அங்குல உயரத்துக்கு ஒரு படி வைத்தால், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே முன்னோக்கி ஐந்தங்குலத்துக்குச் சற்று மேல்தான் நகர்கிறோம். அதில் முன்னோக்கி இறங்கினால் குதிகால் மட்டுமே பதியும். முதுகுப் பக்கத்துப் படி ஆடுசதையை இடிக்கும். ஆகவே ஏணியைப் பார்த்தபடி, பின்னோக்கியே இறங்க வேண்டும். படிகளுக்கிடையே பலகை வைத்து அடைக்காமல் திறந்துவிட்டால் விரல் நுனி உள்ளே செல்ல இடம் கிடைக்கும். 75 பாகையைத் தாண்டினாலோ உடலின் பாரம் கால்களின் மேல் முழுதும் நில்லாமல் பின்னோக்கி இழுக்கும்; இரு கைகளும் பிடிப்பதற்கே வேண்டும். அங்கே கையில் ஒரு நூற்கட்டு இருந்தால் ஒரு கை போயிற்று. தூக்குவாளி இருந்தாலும் அப்படியே.

நம் நாட்டுக்கே உரிய இரண்டு செய்திகளை வெளிநாட்டு நெறிகள் எடுத்துரைப்பதில்லை. நாம் பெரும்பாலும் வெறுங்காலோடு ஏறுகிறோம். உருண்டைக் கம்பியின் மேல் வெறும் பாதம் வெகுநேரம் நில்லாது, வலி தாளாமல் கால் இடம் மாறும், மாறும்போது வழுக்கும். தட்டையான படிப்பலகை நமக்கு இன்றியமையாதது. மற்றொன்று உடை. வேட்டியின் கரையும் சேலையின் கொசுவமும் செங்குத்தேணியின் படிகளில் சிக்குவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். தார் சுற்றவும் பாவு ஓட்டவும் வருகிற பெண் அங்கத்தினர்கள் நம் சங்கங்களில் எத்தனையோ பேர். அவர்களை மூங்கில் ஏணியில் ஏற்றிவிட்டு, ஒரு கையால் சேலையையும் மறு கையால் ஏணியையும் பிடித்துக்கொள்ளச் செய்வது நாம் கூட்டுறவு என்று பேசும் பேச்சுக்கு ஒவ்வாதது. 'பெண்கள் பரணுக்கு ஏற வேண்டாம்' என்று விதி செய்வது இதற்குப் பரிகாரமாகாது. அது அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய கிடங்குக் காப்பாளர் வேலையைப் பறிப்பதில் போய் முடியும்.

சாய்வேணி வேண்டும் என்றவுடன் எழும் முதல் ஆட்சேபம் இடத்தைப் பற்றியது. ஆட்சேபம் பொய்யன்று, கணக்கிட்டே விடை கூற வேண்டும். பரண் பத்தடி உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 75 பாகையில் சாய்த்த ஏணி தரையில் சுமார் இரண்டரையடி நீளத்தை அடைக்கும். 60 பாகையில் ஐந்தே முக்காலடிக்குச் சற்று மேல். 45 பாகையில் பத்தடி. 35 பாகைப் படிக்கட்டானால் பதினாலடிக்கு மேல். ஆகவே கையில் ஒன்றும் எடுத்துச் செல்லாமல் ஏறும் இடத்துக்கு 60 பாகைச் சாய்வேணி வைத்தால், நாம் இழப்பது மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலமே. அதன் கீழேயும் வெற்றிடம் இருக்கிறது. தராசை அங்கே நிறுத்தலாம். முப்பதடிக் கிடங்கில் இது பெரிய நஷ்டமன்று. ஆனால் இந்த இடத்தைக் கட்டடத்தின் வரைபடத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். கட்டி முடித்து, மூட்டைகளை அடுக்கி, பரணையும் போட்டுவிட்டு, 'ஏணி எங்கே வைக்கலாம்' என்று பார்க்கும்போதுதான் செங்குத்தேணி வந்து சேர்கிறது.

அப்படியானால் நூற்கட்டுகளை யார் மேலே கொண்டுபோவது? சிலர் ஒரு கட்டைத் தோளிலும் மற்றொன்றைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு ஏறுவதைக் கண்டிருக்கிறேன். ஒரு கட்டு ஏறக்குறைய நாலரைக் கிலோ, பாரம் பெரிதல்ல. ஆனால் அது கையைப் பறித்துக்கொள்கிறது, பார்வையையும் மறைக்கிறது. சுமை ஏணியில் ஏறவே கூடாது. பரணின் விளிம்புக்கு வெளியே நீட்டிய ஓர் இரும்புக் கையில் கப்பி ஒன்றைப் பொருத்தி, கயிற்றில் ஒரு வலைத்தட்டைக் கட்டி ஏற்றுவதே முறை. மனிதர் ஏணியில், சரக்கு கப்பியில் என்று இரண்டையும் பிரித்துவிட்டால் 60 பாகை ஏணி போதுமானது. கப்பி வைக்க வழியில்லாத இடத்தில், கையில் எடுத்துத்தான் போக வேண்டும் என்றால், அங்கே சாய்வேணியும் பொருந்தாது. படிக்கட்டுக்கு இடம் ஒதுக்கியே தீர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

அதற்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: ஏறத்தான் வேண்டுமா? தொட்டியின் வால்வைத் திறப்பதற்காக மேலே போகிறார்கள் என்றால், குழாயை நீட்டி வால்வைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவரலாம். தண்ணீர் மட்டத்தைப் பார்க்க ஏறுகிறார்கள் என்றால், மிதவையில் கட்டிய கயிற்றைச் சுவரில் தொங்கவிட்டு அளவு குறித்துவிடலாம். நாள்தோறும் எடுக்கும் நூல் ரகத்தைக் கீழேயும், தீபாவளிக்கு மட்டும் வேண்டியதைப் பரணிலும் அடுக்கலாம். ஏறுவதையே தவிர்க்க முடிந்தால் அதைவிடப் பாதுகாப்பான ஏணி வேறில்லை.

ஒவ்வோர் இடத்துக்கும் அதனதன் இயல்பு உண்டு. சாயச்சாலையில் நீராவியும் உப்பும் காரமும் இரும்பை அரிக்கின்றன. வண்ணம் பூசிய சாதாரண இரும்பேணி அங்கே வெகு காலம் தாங்காது. படி சட்டத்தோடு சேரும் பற்றவைப்பில்தான் துரு முதலில் பிடிக்கும், அதுவும் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில். துத்தநாக முலாமிட்ட இரும்பு வேண்டும். படிக்குப் புள்ளித் தகடு போடுவது வழக்கம். உலர்ந்த இடத்தில் அது நல்லதே. ஆனால் சாயநீரும் சோப்பு நீரும் அதன் மேல் தேங்கினால் கண்ணாடி போல் வழுக்கும். கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இணைத்த கிராதிப் படியானால் நீர் கீழே வடிந்துவிடும். வெறுங்காலுக்குக் கிராதி சற்று உறுத்தும் என்பது உண்மை. இடைவெளி சிறிதாயுள்ளதைத் தேர்ந்தெடுத்தால் உறுத்தல் குறையும். அரிசி ஆலையில் நிலைமை வேறு. தவிட்டுத் தூசி எங்கும் படிகிறது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் படியில் ஒரு மெல்லிய பசை ஏறிக்கொண்டே இருக்கும். அங்கும் தூசி தங்காத கிராதியே மேல். வாரத்துக்கொரு முறை துடைப்பதற்கும் ஆள் குறிக்க வேண்டும். எலிவேட்டரின் தலைப்பில் ஒரு சிறு மேடையில்லாமல் ஏணி மட்டும் வைப்பது வீண். ஏணியில் தொங்கியபடியே ஒரு கையால் எண்ணெய்க் குப்பியைப் பிடித்து வேலை செய்ய நேரும். ஏணி என்பது போகும் வழிதான். நின்று வேலை செய்யும் இடமன்று. ஆலையின் உயரம் முப்பதடி இருந்தால் ஒரே ஓட்டமாக ஏணி போடாமல், பத்தடிக்கொரு தளம் வைத்துத் திருப்பிப் போட வேண்டும். விழ நேர்ந்தாலும் பத்தடிக்குள் நிற்கும். ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கவும் இடமிருக்கும்.

ஜக்கார்டு பெட்டியைப் பற்றித் தனியே கூற வேண்டியிருக்கிறது. லியோன் நகரில் 1804இல் உருவான நாள் முதல் அது தறியின் தலைக்கு மேலேயே அமர்ந்திருக்கிறது. வடிவம் மாறும்போது அட்டைக் கோவையை இறக்கி வேறொன்றை மாட்ட வேண்டும். இடையிடையே கொக்கிகளையும் ஊசிகளையும் பார்த்து எண்ணெய் விட வேண்டும். நமது நெசவாளர் இதற்கு ஏணியையும் தேடுவதில்லை. தறிச் சட்டத்தின் மேலேயே கால் வைத்து ஏறிவிடுகிறார். கீழே நீட்டியிருப்பது பட்டுப் பாவு. தாம் விழுவதைவிடப் பாவு அறுந்துவிடுமே என்ற கவலைதான் அவருக்குப் பெரிது. ஒவ்வொரு தறிக்கும் ஒரு சாய்வேணி வைக்கச் சொல்வது நடவாத காரியம். ஆனால் பெரிய ஆலைகளில் ஜக்கார்டுத் தறி வரிசையின் மேல்மட்டத்தில் கைப்பிடியோடு கூடிய நடைமேடை ஒன்றை அமைத்து, அதன் கோடியில் ஓர் ஏணி வைத்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு தறிகளை ஒரே கூடத்தில் வைத்திருக்கும் சங்கம் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். வீட்டுத் தறிகளுக்கு, அகலமான அடியும் மூன்று தட்டைப் படிகளும் உள்ள மரப்படியைச் சங்கமே மொத்தமாகச் செய்வித்து, நாலைந்து வீடுகளுக்கு ஒன்று வீதம் கொடுத்துவைக்கலாம்.

தண்ணீர்த் தொட்டிக்குச் செங்குத்தேணி இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு முறை தொட்டி கழுவ ஏறுகிற இடம் அது. அங்கே படிக்கட்டுக் கட்டுவது பணத்தை விரயம் செய்வதாகும். படிக்கும் சுவருக்கும் இடையே ஏழங்குலமேனும் இடைவெளி விட்டால்தான் பாதம் உள்ளே சென்று பதியும். பல தொட்டிகளில் சுவரை ஒட்டியே கம்பியை வளைத்துப் பதித்திருக்கிறார்கள். உயரமான ஏணியைச் சுற்றி வளையக் கூண்டு கட்டுவது நெடுங்கால வழக்கம். அக்கூண்டு விழுபவரைத் தாங்கி நிறுத்துவதில்லை என்பது அனுபவத்தில் தெரிந்தமையால், அமெரிக்க விதிகள் 24 அடிக்கு மேற்பட்ட ஏணிகளை 2018 நவம்பருக்குப் பின் புதிதாக அமைப்பதானால் உடற்கச்சையும் பிடிகயிறும் போன்ற ஏற்பாடு வேண்டும் என்று கூறிவிட்டன. நமது ஊர்த் தொட்டிகளுக்கு ஒரு நல்ல கச்சையையும் கயிற்றையும் வாங்கி வைப்பது பெரிய செலவன்று. வாங்கிய கச்சையைப் பீரோவில் பூட்டிவைத்துச் சாவியைக் காரியதரிசி வீட்டுக்கு எடுத்துச் செல்லாமலிருந்தால் போதும்.

ஏணி முடியும் இடமே அதிக அபாயமுள்ளது. பரணின் தளத்தில் ஏணிக்காக விட்ட வாய் திறந்தே கிடக்கிறது. மேலே நூலை எண்ணிக்கொண்டு பின்னடி வைப்பவர் அதில் இறங்கிவிடுவார். வாயைச் சுற்றி மூன்றரையடி உயரத்துக்குத் தடுப்புக் கம்பியும், ஏணி வரும் பக்கத்தில் தானே மூடிக்கொள்ளும் சிறு கதவும் வேண்டும். கதவு பரணின் பக்கமே திறக்க வேண்டும். ஏணியின் பக்கம் திறப்பது ஏறி வருகிறவரைத் தள்ளிவிடும். சங்கிலி மாட்டுவது சிக்கனமானதுதான். ஆனால் மாட்டிய சங்கிலியை நான் எங்கும் கண்டதில்லை. தொங்கும் சங்கிலியையே கண்டிருக்கிறேன். தளத்தின் விளிம்பு நெடுக நாலங்குலப் பலகையொன்றை அடித்துவிட்டால், கத்தரிக்கோலோ எடைக்கல்லோ கால் பட்டு உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு, தளங்களும் படிகளும் வழிகளும் உறுதியாக இருக்க வேண்டும், தேவையான இடத்தில் வலுவான கைப்பிடி வேண்டும், வேலை செய்யும் ஒவ்வோர் இடத்துக்கும் இயன்ற அளவு பத்திரமான வழி வேண்டும் என்று விதித்திருந்தது. ஆனால் மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேர், இல்லாத இடத்தில் இருபது பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைத் தொகுப்புச் சட்டம் இந்த எண்ணிக்கையை இருபதாகவும் நாற்பதாகவும் உயர்த்தியிருக்கிறது. பன்னிரண்டு பேர் மின்விசையோடு வேலை செய்யும் சாயச்சாலை முன்பு தொழிற்சாலை. இன்று அந்த இலக்கணத்துக்குள் வாராது. குமாஸ்தா ஒருவரும் எடைபோடுபவர் ஒருவரும் மட்டுமே உள்ள நூல் கிடங்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தால் அவர் வரப்போவதில்லை.

இதில் நம் சங்கங்களுக்கே உரிய ஒரு சங்கடமும் இருக்கிறது. தனியார் கிடங்கில் கூலியாள் விழுந்தால், வேலையாளர் நஷ்ட ஈட்டுக்கென்று 1923 முதலே நம் நாட்டில் சட்டம் இருந்து வருகிறது, முதலாளியைக் கேட்கலாம். சங்கத்துக் கிடங்கில், தன் நூலைத் தானே எடுத்துக்கொள்ளப் பரணில் ஏறிய அங்கத்தினர் விழுந்தால் யாரைக் கேட்பார்? அவர் கூலியாளல்லர்; பங்குதாரர். தறியில் உட்கார முடியாமல் மூன்று மாதம் கிடந்தால் அந்த மூன்று மாதமும் வீட்டில் வருமானம் இல்லை. பாவு பாதியில் நிற்கும். அந்த நிலையில் உள்ளவருக்குச் சங்கம் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றுவதோடு நின்றுவிடக்கூடாது. விபத்துக் காப்பீட்டில் சேர்ப்பது நல்லதே. ஆயினும் காப்பீட்டுத் தொகை முறிந்த இடுப்பை ஒட்டவைப்பதில்லை.

செலவைப் பற்றி எந்த நிர்வாகக் குழுவிலும் வாதம் எழும். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து மூங்கில் ஏணியில்தான் ஏறுகிறோம் என்று ஒருவர் எழுந்து சொல்வார். அவருடைய பாட்டனார் பரணில் வைத்தது வீட்டுக்கு வேண்டிய புளியும் மிளகாயும். ஆண்டில் பத்து முறை ஏறியிருப்பார். சங்கத்துக் குமாஸ்தா ஒரு நாளில் அதைப்போல் இருமடங்கு ஏறுகிறார். நிலையான இரும்புச் சாய்வேணி ஒரு முறை செய்தால், துருப்பிடிக்காமல் காத்தால், கட்டடம் உள்ள வரை நிற்கும். உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யலாம். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். படிகள் எல்லாம் ஒரே உயர இடைவெளியில் இருக்கின்றனவா என்பதை மட்டும் சங்கத்தார் தாமே அளந்து பார்க்க வேண்டும். ஒரு படி ஓரங்குலம் மாறியிருந்தாலும், இருட்டில் இறங்கும் கால் அதைத்தான் தவறவிடும். பெரும்பாலும் அடிப்படியிலோ கடைசிப் படியிலோ அந்த வித்தியாசத்தைக் கொல்லர் தள்ளிவிட்டிருப்பார். படியின் அகலம் ஒன்றரையடிக்குக் குறையக்கூடாது. ஒரு படியின் மேல் இருவர் பாரத்தை ஏற்றிப் பார்த்த பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். ஏணிகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நெறி ஒன்று 3696 என்ற எண்ணில், இரண்டாம் பகுதியாக இருக்கிறது. டெண்டர் கேட்கும்போது அதைக் குறிப்பிட்டால் பின்னால் வழக்காடுவதற்கேனும் உதவும்.

மரத்தில் செய்வதானால் நல்ல தேக்கு அல்லது வேங்கை. அதற்கு வண்ணம் பூசக்கூடாது. வண்ணம் அழகாக இருக்கும். உள்ளே விரிசலும் உளுப்பும் மறைந்திருக்கும். ஆளிவிதை எண்ணெயோ தெளிவான வார்னிஷோ பூசினால் மரமும் காக்கப்படும், கண்ணுக்கும் தெரியும்.

எந்த ஏணி, எவ்வளவு சாய்வு என்று தீர்மானிக்கும் கூட்டத்தில், அதில் ஏறுகிறவரும் இருக்க வேண்டும். டைரக்டர்களில் பலர் பரணைக் கீழேயிருந்து மட்டுமே பார்த்தவர்கள். குமாஸ்தாவையும், சாயம் போடுகிறவரையும், மூட்டை தூக்குகிறவரையும் அழைத்து, நாளைக்கு எத்தனை முறை ஏறுகிறீர்கள், கையில் என்ன கொண்டுபோகிறீர்கள், எந்த இடத்தில் கால் தடுமாறுகிறது என்று கேட்டால், பாகைக் கணக்கு தானே வந்துவிடும். அடுத்த மகாசபைக்கு முன் ஒவ்வொரு சங்கமும் தன் கிடங்கில் உள்ள ஏறும் இடங்களை எண்ணி, எது தினந்தோறும், எது மாதத்துக்கொரு முறை என்று பிரித்து எழுதிவிடலாம். அதற்கு ஒரு பிற்பகல் போதும். அவசியமானவற்றை முதல் ஆண்டிலும் மற்றவற்றை அடுத்த ஆண்டிலும் செய்வதாக வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பைச் சேர்த்துவிட்டால், ஆண்டறிக்கையில் ஏணிக்கும் ஒரு வரி கிடைக்கும்.

புது ஏணி வந்த அன்றே பழைய மூங்கில் ஏணியை நடுவில் இரண்டாக அறுத்துச் சாயச்சாலை அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். 'இருக்கட்டும், எதற்காவது உதவும்' என்று மூலையில் சாய்த்து வைத்தால், அவசரத்தில் ஒருவர் அதைத்தான் எடுப்பார்.